பதினோராவது தட்டில் ஏறிய கள்ளி

என்னை இடுப்பில் தூக்கித் தூக்கியே தன் இடுப்பு ஒரு பக்கம் கோணிப்போனது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த என் பவுனு அக்காவுக்கு,

உன் தம்பி ஏழுமலை எழுதுகிறேன். நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. இத்தனை நாள் உன்னிடம் வாயால்தான் பேசிக்கொண்டிருந்தேன், பஸ்ஸின் பின்படியில் நின்றபடி. ஒருநாள் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரோடு பேசிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டார். அதனால் இப்போது எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய இரண்டாவது டிரிப்பில் ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நான் கண்டக்டர், அக்கா. நடுவழியில் கதையை ஆரம்பிக்க எனக்கு வராது, முதல் ஸ்டாப்பிலிருந்துதான் வரும். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். உன்னைக் கள்ளிப் பைத்தியம் என்று சொன்னவர்கள் அந்த நாலு பேரில் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் ஸ்டாப் அந்த ஹெட்லைட். எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பஸ் ஒரு வைக்கோல் வண்டியோடு உரசி ஒரு கண் போனது, ஞாபகம் இருக்கிறதா? டிப்போவில் புது லைட்டை மாட்டிவிட்டுப் பழைய கிண்ணத்தைக் கழித்துப் போட்டார்கள். உள்பக்கம் பளபளவென்று இருந்தது. தேவகி மூஞ்சி பார்த்து விளையாடட்டும் என்று மாமல்லபுரத்துக்கு எடுத்து வந்தேன். உன் மகளுக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். நீ அதை அவள் கைக்குப் போகவே விடவில்லை. வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, ஒயர் போகிற துளையில் சுண்டுவிரலை விட்டாய்.

"ஓட்ட கீது. போதும்" என்றாய்.

எதற்குப் போதும் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் கடைசி டிரிப்பில் வந்து பார்த்தால், உங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் அந்தக் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கலங்கரை விளக்கத்துப் பாறைப் பக்கமிருந்து கிள்ளி வந்த சப்பாத்திக்கள்ளி மட்டை ஒன்று. மண்ணுக்கு மேலே, சிற்பக் கூடத்தில் உளி தெறித்துக் கிடக்கும் சில்லுக் கல்லை அள்ளி வந்து பரப்பியிருந்தாய். வெயில் பட்டதும் அது பூஜைச் சாமான் மாதிரி மின்னியது. நான் சிரித்தேன். மச்சானும் சிரித்தார். டிராவலர்ஸ் பங்களா வாட்ச்மேன் வீட்டில் வெள்ளைக்காரன் வீட்டு அலங்காரமா என்று கேட்டார்.

நீ சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பங்களாவில் பன்னிரண்டு அறை துடைத்து, அத்தனை படுக்கை விரிப்பும் துவைத்து, நல்ல தண்ணீருக்கு அரைமைல் நடந்து குடம் சுமந்து வருகிறவள் நீ. ரோஜா வைத்தால் அதற்கு இன்னொரு குடம் எடுக்க வேண்டும். "இது எதையும் கேக்காது. கேக்காத புள்ளைக்குத்தான் நாம பாத்துப் பாத்து செய்யணும்" என்றாய். எனக்கு அன்று அது சரியாகவே விளங்கவில்லை, அக்கா. கேட்டு வாங்கித் தின்ற பிள்ளை நான்.

அடுத்த ஸ்டாப் எனக்குப் பிடிக்காதது. ஆனாலும் நின்றுதான் போக வேண்டும்.

அந்தத் தை மாசம் மச்சானின் பெரியம்மா மகன் திருக்கழுக்குன்றத்தில் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். எல்லாரும் குத்துவிளக்கும் எவர்சில்வர் தட்டும் கொண்டு போனார்கள். நீ அந்த ஹெட்லைட் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுத்தில் மஞ்சள் நூல் கட்டி எடுத்துப் போனாய். உன் கையால் செய்து நீ ஒருத்தருக்குக் கொடுத்த முதல் பொருள் அது. மச்சானின் பெரியம்மா சபை நடுவில் அதைப் பார்த்துவிட்டு, "கள்ளி வச்ச வூடு காடாப் பூடும். எவ கொண்டாந்தா இத?" என்றாளாம். நீ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். கைகழுவ வெளியே வந்தால், கிண்ணம் சாக்கடையில் கவிழ்ந்து கிடக்கிறது.

நீ பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடையில் இறங்கி அதை எடுத்தாய். எடுத்த கையோடு என் பஸ்ஸில் ஏறினாய். வலது பக்கம், இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். விரலில் முள் தைத்து ரத்தம். மடியில் அந்தச் செடி. பக்கத்தில் இருந்த ஆள் முள் குத்துகிறது என்று கத்தினான். நீ எழுந்து நின்றுகொண்டாய். டிக்கெட் வாங்கியவள், மாமல்லபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாய்.

அந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர் நான். விசில் என் வாயில் இருந்தது. அந்த ஆளை அதட்டித் தள்ளி உட்கார வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன செய்தேன் தெரியுமா, உனக்குத் தெரியும். கிட்டே வந்து குனிந்து, "மானம் போவுதுக்கா, அத ஜன்னலுக்கு வெளிய தூக்கிப் போடு" என்றேன்.

"செடி இன்னாடா பண்ணுச்சி?" என்று கேட்டாய். கோபமே இல்லாமல் கேட்டாய். நான் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டேன்.

அதோடு விட்டுவிடுவாய் என்று எல்லாரும் நினைத்தோம். விடுகிறவளா நீ? அந்த முள்கள்ளியை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஜன்னலிலேயே வைத்துக்கொண்டாய். மற்றபடி முள் இல்லாத இனமாகத் தேட ஆரம்பித்தாய். கற்றாழை, மருள், ரணகள்ளி, பிரண்டை, பத்துமணிப்பூ. தண்ணீரைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிற சாதியெல்லாம் உன் வீட்டில் ஒன்று சேர்ந்தது. சட்டி வாங்க உனக்கு மனசு வராது. சட்டியில் செடி வைக்க நான் எதற்கு என்பாய்.

பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமானுக்கு அளவே இல்லை. மூன்று மாதம் டிப்போ அறையில் இருக்கும், கேட்டு யாரும் வராவிட்டால் பின்பக்கம் எறிவார்கள். அங்கிருந்து பொறுக்கி வருவது என் வேலை ஆனது. மூடி தொலைந்த டிபன் கேரியரின் கீழடுக்கு. கைப்பிடி போன எனாமல் குவளை. அமுக்கினால் சத்தம் வராத ரப்பர் ஹாரனின் பித்தளை வாய். பங்களாவில் ஒரு ஹிப்பி விட்டுப்போன ஒற்றைப் பூட்ஸ் உன் பங்குக்குக் கிடைத்தது. அதன் கால்விரல் பக்கம் கிழிந்திருந்ததால் தண்ணீர் வடியும் என்று உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடற்கரை மணலை நீ கழுவுகிற அழகை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு தண்ணீர். துணி துவைத்த தண்ணீரைத் தெளிய வைத்து முதல் ஐந்து, நல்ல தண்ணீரில் கடைசி இரண்டு. அப்புறம் ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பாய். கரித்தால் எட்டாவது தண்ணீர். மண்ணைத் தின்கிறாள் என்று பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கும் நீ ஆளுக்கொன்று கொடுத்தாய், சங்கிலும் கொட்டாங்கச்சியிலும் வைத்து. மீன்காரி அஞ்சலை வீட்டு வாசலில் அந்தச் சங்கு இன்னும் இருக்கிறது, போன மாசம் பார்த்தேன்.

ஒரு வெள்ளைக்காரி பூட்ஸ் செடியை விலைக்குக் கேட்டாளே, மச்சான் கண்ணாலேயே உன்னைக் கெஞ்சினாரே. இது கொடுக்கிற பொருள், விற்கிற பொருள் இல்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கொட்டாங்கச்சியில் வேறொன்று எடுத்து வந்து சும்மா கொடுத்தாய். கொடுக்கும்போது யாராக இருந்தாலும் ஒரே மந்திரம்தான் உனக்கு. "சனிக்கிழம மட்டும், ஒரு மூடி தண்ணி. ஆத்துல போட்டாலும் அளந்து போடு." அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, கைகூப்பிவிட்டுப் போனாள்.

தேவகிக்கு மதுராந்தகத்தில் மாப்பிள்ளை முடிவானதும் உனக்கு மஞ்சள் காமாலை வந்ததும் ஒரே ஆடி மாசத்தில். படுத்த படுக்கையில், தேவகியை விட்டு மணல் கழுவச் சொல்லி, நீ உட்கார்ந்து சாய்ந்துகொண்டே நட்டாய். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் அதுவும் முடியாது. பதினோரு ஏனத்தில் பதினோரு செடி. என்னுடைய பழைய டிக்கெட் தகரப் பெட்டியைக்கூட நீ விடவில்லை. எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாய். உன் கண் மஞ்சளாக இருந்தது, குரல் மட்டும் பழைய குரல்.

"தாய்மாமன் சீரு பதினோரு தட்டு வெப்ப இல்ல, தட்டுக்கு ஒண்ணா வெச்சிட்டுப் போறேன். எவளாச்சும் எறியிறாளா பாரு. எறிஞ்சா எடுத்துகினு வந்துடு. எறியலைன்னா எனக்கு வந்து சொல்லுடா."

எங்கே வந்து சொல்வது என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் உன்னைக் கொண்டு போய் வைத்துவிட்டு வந்தோம்.

இனி என் கூத்தைக் கேள். செடிகளைச் செங்கல்பட்டில் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். மச்சான் இருந்த நிலையில் அவரையே ஒருத்தர் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் டியூட்டிக்குப் போகும் முன் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, பதினோரு செடிக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவேன். உன் பேரைச் சொல்லித்தான் ஊற்றுவேன். செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம் இல்லையா, அந்தப் புத்திதான். உன் மந்திரம் எனக்குத் தெரியாதா? நூறு பேரிடம் நீ சொல்லி நான் கேட்டதுதானே? ஆனால் கை கேட்கவில்லை, அக்கா. உன் பசங்களைத் தாகத்தில் விட்டதுபோல் இருக்கும். ஒருநாள் ஊற்றாமல் போனால் பஸ்ஸில் நிலை கொள்ளாது.

மாசி மாசம் கல்யாணப் புடவை எடுக்க தேவகி வந்தாள். நேராகச் செடிகளிடம்தான் போனாள். டிபன் கேரியர் அடுக்கில் இருந்த ரணகள்ளியை விரலால் அமுக்கினாள். அது பழுத்த தக்காளி மாதிரி உள்ளே போய்த் தண்ணீராகக் கொட்டியது. அடுத்ததை அமுக்கினாள், அதற்கடுத்ததை. மூன்று அடியிலிருந்து அழுகிவிட்டிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, எங்கம்மாவ ரெண்டாவது வாட்டி சாவடிக்கிறியா?"

எனக்கு வந்ததே கோபம். யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய், நாலு மாசமாய் ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் நான் சொன்னது எனக்கே கேட்டுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அரிவாள்மனையை எடுத்து, அழுகாத நுனிகளை ஒவ்வொன்றாக நறுக்கி வைத்தாள்.

உன் மகள் உன்னைவிடக் கைகாரி. நறுக்கிய நுனியை உடனே நடக்கூடாதாம். நிழலில் காகிதத்தில் போட்டு, வெட்டிய வாய் புண் ஆறிப் பொருக்குத் தட்டுகிற வரை விட வேண்டுமாம். நான் மாமல்லபுரத்து மணல் ஒரு சாக்கு கொண்டு வந்தேன். ஏழு தண்ணீர் கழுவினேன். நாக்கில் வைத்தேன், கரித்தது. எட்டு, ஒன்பது, கரிப்பு போகவே இல்லை. "மொதல்ல மூஞ்சியத் தொட மாமா, அப்பறம் ருசி பாரு" என்றாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

இரண்டு பிழைத்தது. அந்த டிபன் கேரியர் ரணகள்ளி மட்டும் போயே போய்விட்டது. கையில் இருப்பது பத்து. சீர்த் தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஒன்பதாக்கிவிடலாம் என்றேன், தேவகி ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா பதினொன்று என்றுதான் சொன்னாள் என்றாள். அழுகிய இடத்தில் புதிதாக ஒன்று நட்டு வைக்கலாம் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை. அம்மா கையால் வைத்ததுதான் போக வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. உன் ஜன்னலில், ஏழு வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் நீ வைத்திருந்த ஹெட்லைட் கிண்ணம். முழு முள்ளோடு.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அக்கா. திருக்கழுக்குன்றத்து உறவு எல்லாம் கல்யாணத்துக்கு வரும். தாயில்லாப் பெண், முதல் நாளே மாமியார் வீட்டில் கள்ளி கொண்டுவந்தவள் என்று பேர் எடுக்க வேண்டுமா? இதையெல்லாம் சொன்னேன். தேவகி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எறிஞ்சது அவங்க. எங்கம்மா சாக்கடையில எறங்கி எடுத்துகினு வந்துச்சி. அத நாம இன்னாத்துக்கு மாமா ஒளிக்கணும்?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு சின்னப் பெண் சொல்கிறாள். சரி என்று அந்தக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டு நானே தேய்த்தேன். கழுத்தில் மஞ்சள் நூல் கட்டினேன்.

வைகாசியில் மதுராந்தகத்தில் கல்யாணம். உன் மகளுக்குத் தாய்மாமன் சீர் எப்படி வந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். முன்னால் மேளம், பின்னால் பதினோரு பெண்கள், பதினோரு தட்டு. புடவை, மஞ்சள், தேங்காய், பழம், கல்கண்டு, ஒவ்வொரு தட்டின் நடுவிலும் உன் செடி. பத்து மணி வெயில் ஏறியதால் ஹாரன் வாயில் இருந்த பத்துமணிப்பூ மொத்தமும் விரிந்துவிட்டது, ரோஸ் நிறத்தில். தெருவில் நின்றவர்கள் பூட்ஸில் செடி போவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. தோளில் புதுத் துண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா கோவிந்தம்மா நின்றிருந்தார்கள். நெல் மண்டிக்காரர் வீடு. மூட்டையைக் கையால் தட்டியே நெல் ஈரமா காய்ச்சலா என்று சொல்கிற பெண்பிள்ளை, லேசில் சிரிக்காது. ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். பத்தும் போனது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினோராவது தட்டை என் வீட்டுக்காரி ஏந்தி வந்தாள். அவர்கள் கை அந்தத் தட்டின் மேலே அப்படியே நின்றது. பின்னாலிருந்து யாரோ, கல்யாணத்தில் கள்ளியா என்று முணுமுணுத்தார்கள். குரல் எனக்குத் தெரிந்த திருக்கழுக்குன்றத்துக் குரல்தான்.

நான் முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை என் வாய் ஊமையாகவில்லை, அக்கா.

"எங்கக்கா கையால வெச்ச செடி இது. தாய்மாமன் சீரு. இது எறங்கினா இதுகூட நானும் எறங்கிக்கிறேன்" என்றேன். நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. மேளமே நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "நான் எறக்கச் சொன்னனா?" என்றார்கள். பிறகு அந்த முணுமுணுப்பு வந்த பக்கம் திரும்பி, "ஏரி காஞ்ச வருசம் எங்க கழனி வேலியில பச்சையா நின்னது இது ஒண்ணுதான்" என்றார்கள். கிண்ணத்தைத் தட்டிலிருந்து தானே தூக்கி, கவிழ்க்காமல் சாய்த்து, அடியில் இருந்த ஓட்டையைப் பார்த்தார்கள். நீ பார்த்த அதே ஓட்டை.

"இதுக்கு எத்தினி நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தணும்?"

அக்கா, அந்தக் கேள்வியைக் கேட்டாயா? எறியப் போகிறவள் எவளாவது தண்ணீரைப் பற்றிக் கேட்பாளா? ஆனால் ஊற்றியே கெடுத்தவன் நான், நான் என்ன சொல்வது? உள்ளிருந்து, மாலையும் கழுத்துமாக, கல்யாணப் பெண் வெட்கம் கிட்கம் பார்க்காமல் பதில் சொன்னாள். "சனிக்கிழம மட்டும், ஒரு மூடி." உன் குரல் மாதிரியே இருந்தது.

அன்று பந்தியில் மூன்று தடவை பாயசம் வாங்கினேன். மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து, நீ போன பிறகு முதல் தடவையாக வயிறார சாப்பிட்டார். எல்லாரும் கிளம்பிய பிறகு யாருக்கும் தெரியாமல் மண்டபத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கம், எச்சில் இலை போடும் இடம், சாக்கடை, ஒன்றையும் விடவில்லை. உன் செடி ஒன்றுகூட அங்கே இல்லை.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டவன் நான், அவ்வளவு சுலபத்தில் நம்புவேனா? மறுநாள் எறியலாம், மறு மாசம் எறியலாம். ஆடிச் சீர் கொண்டு போகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். கூடத்து ஜன்னலில் பதினொன்றும் வரிசையாக இருந்தது. வேலைக்கார அம்மாள் பாசத்தோடு அரிசி கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கம் போக, சம்பந்தியம்மா உள்ளிருந்தே, ஊற்றாதே என்று ஒரு அதட்டல் போட்டார்கள். அந்த அதட்டலைக் கேட்டு எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதி போன வெள்ளிக்கிழமை வந்தது.

இப்போது சொல்கிறேன் கேள். காலை இரண்டாவது டிரிப். தை மாசம், முகூர்த்த நாள், பஸ்ஸில் ஈ நுழைய இடமில்லை. சம்பந்தியம்மா ஏறினார்கள், பட்டுப்புடவையில். வலது பக்கம், இரண்டாவது வரிசை, ஜன்னலோரம் காலியானது, உட்கார்ந்தார்கள். மடியில் ஒரு மரக்கால். லிட்டர் வந்த பிறகு மண்டியில் சும்மா கிடக்கிறதே, நெல் அளந்த அந்தப் பழைய இரும்பு மரக்கால்தான், அடியில் ஓட்டை போட்டு, கழுத்தில் மஞ்சள் நூல் கட்டி. அதற்குள் சப்பாத்திக்கள்ளி. உன் ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து எடுத்த மட்டை அது, மேலே இரண்டு குட்டிக் காது முளைத்திருந்தது. எங்கே பயணம் என்று கேட்டேன். திருக்கழுக்குன்றத்தில் தன் அக்கா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசமாம். மேலே பரப்பின மணலைத் தேவகி ஏழு தண்ணீர் கழுவினாளாம்.

பஸ் மேட்டில் ஏறும்போது பக்கத்து ஆள் கத்தினான். "யம்மா, முள்ளு குத்துது. அத்த கீழ வை, இல்ல எழுந்து நில்லு."

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தேன். எட்டு வருஷமாக உள்ளே வைத்திருந்ததையெல்லாம் அந்த ஆள் தலையில் கொட்டுவதாக இருந்தேன். அதற்குள் சம்பந்தியம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள்.

"அது எடத்துல அது ஒக்காந்துகினு கீது. நீ கொஞ்சம் தள்ளிக்கோ."

அவன் தள்ளிக்கொண்டான். அவ்வளவுதான், அக்கா. அவ்வளவு சின்ன வேலை அது. பின்படிக்குத் திரும்பி வந்து விசில் கொடுத்தேன், டிரைவர் எதற்கு இவ்வளவு நீளம் என்று திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலத் திரும்பல் டிரிப்பில் திருக்கழுக்குன்றம் ஸ்டாப் வரும் வரை சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்தேன். பஸ் நின்றதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சம்பந்தியம்மா தாம்பூலப் பையோடு நின்றிருந்தார்கள். இன்னொரு கையில் ஒன்றும் இல்லை. இடுப்பில் இல்லை, காலடியில் இல்லை. ஏறி உட்கார்ந்தார்கள், மடி காலியாக இருந்தது.

நான் கேட்காமலே என் மூஞ்சியைப் படித்துவிட்டார்கள். "இன்னா தம்பி அப்பிடிப் பாக்கற? வாசப்படிக்கு வலது பக்கம் வெச்சிகினாங்க. எப்ப தண்ணி ஊத்தணும்னு கேட்டாங்க, சொல்லிட்டு வந்தேன்" என்றார்கள்.

எறியவில்லை, அக்கா. வந்து சொல்லச் சொன்னாயே, சொல்லிவிட்டேன். நீ எந்த ஊரில் சாக்கடையில் இறங்கி எடுத்தாயோ அதே ஊரில், அதன் பிள்ளை ஒரு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பங்களாவில் தரை துடைத்த என் அக்கா செய்ததை மண்டிக்காரர் வீட்டு அம்மாள் மடியில் ஏந்திப் போகிறார்கள். எனக்கு இருக்கிற பெருமைக்கு இந்த பஸ் போதாது.

இன்னொரு சேதி. தேவகிக்கு நாலு மாசம். வாந்தி எடுத்துக்கொண்டே மணல் கழுவுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. கேட்காத பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யணும் என்று நீ சொன்னதை இப்போது நான் மாற்றிப் பொருள் பண்ணிக்கொண்டு, மசக்கைக்குப் புளிப்பு மாங்காய் தேடி அலைகிறேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். தேவகி எனக்கென்று ஒரு மட்டை ஒடித்துக் கொடுத்திருக்கிறாள். அதற்குத் தண்ணீர் சனிக்கிழமை மட்டும், ஒரு மூடிதான். உன் ஞாபகம் எவ்வளவு வந்தாலும் ஒரு சொட்டு கூடுதலாக ஊற்ற மாட்டேன். அதைவிடப் பெரிய வாக்கு ஒன்று இருக்கிறது. இந்த விசில் என் கையில் இருக்கும் வரை, மடியில் செடியோடு ஏறுகிற ஒருத்தியும் என் பஸ்ஸில் நின்றுகொண்டு வர மாட்டாள்.

உன் இடுப்பைக் கோணலாக்கிய தம்பி,
தேவகிக்குத் தாய்மாமன்,
ஏழுமலை